மார்மன் மிஷனரிப் பையன்கள் இரண்டு வருடம் என்னதான் செய்கிறார்கள்?

கேள்வி: 11 நவம்பர் 2018, காலை

சென்னையில் எங்கள் தெருப்பக்கம் இரண்டு பையன்களை அடிக்கடி பார்க்கிறேன். வெள்ளைச் சட்டை, டை, நெஞ்சில் கறுப்புப் பெயர்ப்பட்டை. மார்மன் சபை என்கிறார்கள், அமெரிக்காவில் தோன்றிய கிறிஸ்தவப் பிரிவாம். அமெரிக்காவிலிருந்து சம்பளம் வருகிறது, தலைக்கு இவ்வளவு என்று கமிஷனும் உண்டு என்று என் மாமா சொல்கிறார். இருபது வயதில் படிப்பையும் வேலையையும் விட்டுவிட்டு இப்படி அலைவது மூளைச்சலவை இல்லாமல் வேறென்ன? உள்ளே இருந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

11 நவம்பர் 2018, இரவு

நான் இருந்திருக்கிறேன். கோயம்புத்தூர்க்காரன். பி.காம் முடித்த கையோடு 2011-ல் போனேன், 2013-ல் திரும்பினேன். பெங்களூரு மிஷனின் (சபையின் ஊழிய வட்டாரம்) கீழ் ஹைதராபாத், ராஜமுந்திரி, விசாகப்பட்டினம். இன்றும் ஞாயிறு தவறாமல் சபைக்குப் போகிறவன், அதை மனதில் வைத்துக்கொண்டே படியுங்கள்.

முதலில் சம்பளம். ஒரு பைசா கிடையாது. அமெரிக்கப் பையன் என்றால் அவனோ அவன் வீட்டாரோ என் காலத்தில் மாதம் 400 டாலர் சபைக்குக் கட்ட வேண்டியிருந்தது. எங்களைப் போன்றவர்கள் முடிந்ததைக் கட்டுவோம், மீதியை உறுப்பினர்களின் காணிக்கையிலிருந்து ஈடுகட்டுவார்கள். வாடகை மிஷன் பார்த்துக்கொள்ளும். சாப்பாட்டுக்கும் பஸ்ஸுக்கும் மாதாமாதம் ஒரு சிறு தொகை வரும். இருபத்தைந்தாம் தேதிக்கு மேல் பருப்பும் ரசமும்தான். கமிஷன் என்று மாமாவிடம் யார் சொன்னார்களோ, அவர்களிடம் கேட்டுச் சொல்லுங்கள், இரண்டு வருட பாக்கி வசூலிக்க வேண்டும்.

எங்கே போவது என்பதும் நம் கையில் இல்லை. விண்ணப்பம், உள்ளூர்ச் சபையின் கிளைத் தலைவரின் நேர்காணல், டாக்டர் சான்றிதழ், பல் டாக்டர் சான்றிதழ் எல்லாம் அமெரிக்காவில் சபையின் தலைமையகம் இருக்கும் சால்ட் லேக் சிட்டிக்குப் போகும். அங்கிருந்து பெரிய வெள்ளை உறை ஒன்று வரும். இப்போது அதையும் இணையத்துக்கு மாற்றுகிறார்களாம். பிரித்தால்தான் ஊர் தெரியும். எனக்கு ஆந்திரா. ஒரு வார்த்தை தெலுங்கு தெரியாது.

12 நவம்பர் 2018

"அப்போது நாள் முழுக்க என்ன செய்வீர்கள்?" என்று கேட்டவருக்கு.

6.30-க்கு எழுந்திருக்க வேண்டும். அரை மணி உடற்பயிற்சி. குளியல், காலைச் சாப்பாடு. 8 மணிக்குத் தனியாக வேதம் படிப்பது, 9 மணிக்கு கம்பானியனோடு, அதாவது கூடவே இருக்கும் இன்னொரு மிஷனரியோடு, சேர்ந்து படிப்பது. மொழி கற்கிறவர்களுக்கு அதற்கும் நேரம் உண்டு. பிறகு வெளியே கிளம்பினால் மதியம் ஒரு மணி நேரம் சாப்பாடு, திரும்ப இரவு 9 ஆகும். அடுத்த நாள் திட்டத்தை எழுதி வைத்துவிட்டு 10.30-க்கு விளக்கை அணைக்க வேண்டும். 2017-ல் இதைக் கொஞ்சம் தளர்த்தியிருக்கிறார்கள். என் காலத்தில் கடிகாரம் பார்த்துத்தான் எல்லாம்.

டிவி கிடையாது. சினிமா கிடையாது. காதல், டேட்டிங் கிடையாது. வீட்டுக்கு வாரம் ஒரு ஈமெயில். போன் வருடத்துக்கு இரண்டே முறை, கிறிஸ்துமஸுக்கும் அன்னையர் தினத்துக்கும்.

வெளியே போய் என்ன செய்வோம் என்றால், அமெரிக்காவில் நடப்பதுபோல் வீடு வீடாகக் கதவு தட்டும் வேலை எங்கள் பகுதியில் இல்லை. உறுப்பினர் யாராவது தன் நண்பரை அறிமுகப்படுத்தினால் அவருக்குப் பாடம் எடுப்போம். சபைக்கு வராமல் நின்றுபோனவர்களைப் போய்ப் பார்ப்போம். யாருக்காவது வீடு மாற்ற வேண்டுமென்றால் பீரோ தூக்குவோம். ஒரு நாளின் பெரும்பகுதி, சொன்ன நேரத்துக்கு வராதவர்களுக்காகக் காத்திருப்பதில் போகும்.

திங்கட்கிழமை பி-டே, அதாவது நமக்கான நாள், மாலை 6 வரைக்கும். துணி துவைப்பது, மார்க்கெட், கடிதம். வெள்ளைச் சட்டையின் காலர் ஹைதராபாத் பஸ்ஸில் ஒரே நாளில் கறுத்துவிடும். சவுக்காரம் போட்டு பிரஷ்ஷால் தேய்த்து, அரை பக்கெட் தண்ணீரில் உஜாலா நான்கு சொட்டு விட்டு அலசி எடுக்க வேண்டும். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திலிருந்து வந்த என் கம்பானியன் மூடியைத் திறந்து நன்றாகவே ஊற்றிவிட்டான். அந்த ஞாயிறு அவன் மட்டும் ஆகாய நீலத்தில் பிரசங்கம் செய்தான். சபையே ரசித்தது.

15 நவம்பர் 2018

கம்பானியன் என்ற சொல்லை இரண்டு மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். அதுதான் எல்லாவற்றுக்கும் மையம், எனவே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஒரு மிஷனரி தனியாக இருக்கவே கூடாது. குளியலறை தவிர எப்போதும் இன்னொருவர் பார்வையிலும் காதிலும் இருக்க வேண்டும். அந்த இன்னொருவரை நாம் தேர்ந்தெடுப்பதில்லை. ஆறு வாரத்துக்கு ஒருமுறை டிரான்ஸ்ஃபர் வரும், மிஷன் பிரசிடென்ட் மாற்றினால் பெட்டியைக் கட்டிக்கொண்டு ரயிலேற வேண்டியதுதான்.

நம்மில் பலர் கல்யாணம் ஆகும்வரை இன்னொரு மனிதரோடு இருபத்து நான்கு மணி நேரம் இருந்ததே கிடையாது. ஹாஸ்டலில்கூட கதவைச் சாத்திக்கொண்டு போய்விடலாம். இங்கே முடியாது. சண்டை போட்ட அதே ஆளோடு அரை மணி கழித்து ஒரு வீட்டில் உட்கார்ந்து "ஒருவரையொருவர் மன்னியுங்கள்" என்று பாடம் எடுக்க வேண்டும். எனக்கு நாகாலாந்திலிருந்து ஒருவன், விஜயவாடாவிலிருந்து ஒருவன், அந்த யூட்டா பையன், இன்னும் சிலர் அமைந்தார்கள். விஜயவாடாக்காரனுக்குக் காரம் குறைந்தால் கோபம் வரும். நாகாலாந்துக்காரனுக்கு நான் சத்தமாகப் படித்தால் கோபம் வரும். இரவில் இருவரும் கட்டிலருகே முழங்காலிட்டு முறை வைத்து வாய்விட்டு ஜெபிக்க வேண்டும். பகலில் பேசாமல் இருந்தவன் இரவு ஜெபத்தில் "என் தம்பி குடிக்கிறான், அவனைப் பார்த்துக்கொள்ளும்" என்று சொல்வதைக் கேட்ட பிறகு மறுநாள் அவனோடு முறைத்துக்கொண்டிருக்க முடியவில்லை.

என் விசுவாசம் வளர்ந்தது அங்கேதான் என்று இன்றும் நினைக்கிறேன். புத்தகத்தில் படித்ததைவிட, மக்களுக்குச் சொன்னதைவிட, அந்த இரவு ஜெபங்கள் அதிகம் செய்தன.

2 டிசம்பர் 2018, ஞாயிறு

இன்று மாதத்தின் முதல் ஞாயிறு, எங்களுக்கு உபவாச நாள். இரண்டு வேளை சாப்பாட்டை விட்டு அதன் பணத்தை ஏழைகளுக்குக் கொடுப்போம். பசியோடு எழுதுவதால் சாப்பாட்டுப் பேச்சு.

காபி விவகாரம் கேட்டிருந்தீர்கள். ஆமாம், காபி, டீ, மது, புகையிலை நான்கும் கிடையாது. 1833-ல் எங்கள் சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித் வெளியிட்ட ஒரு வெளிப்பாட்டிலிருந்து வருவது. கோவையில் பில்டர் காபி வாசனையில் கண்விழித்த வீட்டுப் பிள்ளைக்கு அது லேசான காரியமில்லை. எங்கள் பாட்டிக்கு நான் சபை மாறியதில்கூட அவ்வளவு வருத்தமில்லை, காலையில் அவர் ஆற்றித் தரும் டபராவைத் தொடாததில்தான்.

ஆந்திராவில் இது வேறு விதமான சிக்கல். எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் டீ வரும். மறுத்தால் "எங்கள் வீட்டில் குடிக்க மாட்டார்களோ" என்று நினைத்துக்கொள்வார்கள். அதற்குப் பின்னால் எத்தனை தலைமுறைக் காயம் இருக்கிறது என்று நமக்குத் தெரியும். ராஜமுந்திரியில் ஒரு விதவை அம்மா, கோதாவரிப் பக்கம் ஒற்றை அறை வீடு. முதல் நாள் நாங்கள் டீ வேண்டாம் என்றதும் அவர் முகம் சுருங்கிவிட்டது. என் கம்பானியன் உடனே "அம்மா, குடிக்கத் தண்ணீர் கொடுங்கள், உங்கள் சொம்பிலேயே" என்று தெலுங்கில் கேட்டு வாங்கி அண்ணாந்து குடித்தான். அடுத்த வாரம் போனபோது அவர் பத்து ரூபாய் ஹார்லிக்ஸ் பாக்கெட் இரண்டு வாங்கி வைத்திருந்தார். "பாபூ, இது குடிக்கலாம்தானே?" என்றார். குடிக்கலாம். அதன்பின் அங்கே போன எல்லா மிஷனரிக்கும் ஹார்லிக்ஸ்தான்.

22 டிசம்பர் 2018

சின்னச் செய்தி. மிஷனரிப் பெண்கள் இனி பேன்ட் அணியலாம் என்று இந்த வாரம் அறிவித்திருக்கிறார்கள். முன்பு பாவாடை மட்டும்தான். கொசுவிலும் குளிரிலும் சைக்கிள் மிதிக்கும் ஊர்களில் இருக்கும் சிஸ்டர்களுக்கு எவ்வளவு நிம்மதி என்று யோசித்துப் பாருங்கள்.

பெண்களுக்கு 18 மாதம், ஆண்களுக்கு 24 மாதம். 2012 அக்டோபரில் வயது வரம்பைக் குறைத்தார்கள்: ஆண்களுக்கு 19-லிருந்து 18, பெண்களுக்கு 21-லிருந்து 19. நான் ஊழியத்தில் இருந்தபோதுதான் அந்த அறிவிப்பு வந்தது. அதன்பின் பெண்கள் ஏராளமாக வரத் தொடங்கினார்கள்.

16 பிப்ரவரி 2019

நவம்பரில் போன் பற்றி எழுதியதற்கு இப்போது வேலை வந்துவிட்டது. மிஷனரிகள் இனி வாராவாரம் பி-டேயில் வீட்டுக்கு போன் பேசலாம், வீடியோவிலும் பேசலாம் என்று நேற்று அறிவித்துவிட்டார்கள். படித்ததும் சந்தோஷப்பட்டேன். பத்து நிமிடம் கழித்து "அப்போது எங்களுக்கு ஏன் இல்லை?" என்ற எண்ணமும் வந்தது. இரண்டும் உண்மை.

இதோடு ஒட்டிய என் வீட்டுக் கதை ஒன்று. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாதே. பாஸ்போர்ட்டில் அந்த இடத்தில் அப்பா பெயர்தான் இருந்தது. எங்களைக் குடும்பப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள், முன்னால் "எல்டர்" என்று சேர்த்து. ஆக, என் நெஞ்சுப் பட்டையில் எழுதியிருந்தது என் அப்பாவின் பெயர். அவரோ சி.எஸ்.ஐ. சபையில் தலைமுறையாக வேரூன்றிய மனிதர். நான் வேறு சபைக்குப் போனதே பிடிக்கவில்லை, ஊழியத்துக்குப் போனது அதைவிடப் பிடிக்கவில்லை. ரயிலேற்றிவிடக்கூட வரவில்லை. அவர் பெயரைச் சொல்லித்தான் ஊரே என்னை அழைத்தது. ஏதாவது தவறாகப் பேச வாயெடுத்தால் யாராவது அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள், நாக்கு நின்றுவிடும்.

முதல் கிறிஸ்துமஸுக்கு போன் செய்தபோது அம்மா அழுதார், தங்கை பேசினாள். கடைசியில் அப்பா வாங்கி "சாப்பிட்டியா?" என்றார். "சாப்பிட்டேன்பா" என்றேன். போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டார். வாராவாரம் பேச வழி இருந்திருந்தால் எங்களுக்குள் சீக்கிரம் பனி விலகியிருக்கலாம். அதனால் இந்த மாற்றம் நல்லது என்றே முடிவுக்கு வருகிறேன். வீட்டு ஏக்கத்தைத் தனியாகச் சமாளிக்கப் பழகுவது ஒரு பாடம்தான் என்று சில பழைய மிஷனரிகள் சொல்கிறார்கள். அந்தப் பாடத்துக்கு விலை கொடுத்தவர்கள் பெரும்பாலும் அம்மாக்கள்.

9 மார்ச் 2019

"எத்தனை பேரை மாற்றினாய்?" இந்தக் கேள்வி வந்துகொண்டே இருக்கிறது. எண்ணிக்கை சொல்ல மாட்டேன், மறைப்பதற்கல்ல. ஞானஸ்நானம் எடுத்த ஒவ்வொருவரும் தாங்களாக யோசித்து முடிவெடுத்தவர்கள், அதை என் கணக்கில் எழுத எனக்கு உரிமையில்லை.

நடைமுறையைச் சொல்கிறேன். பாடங்கள் முடிய வேண்டும், ஞாயிறு ஆராதனைக்கு வர வேண்டும், மது-புகையிலை-டீ-காபி விட வேண்டும், தசமபாகம் (வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு காணிக்கை) ஏற்க வேண்டும். பாடம் எடுக்காத வேறொருவர் நேர்காணல் செய்வார். சிறுவர் என்றால் பெற்றோர் சம்மதம் வேண்டும். மணமானவர் என்றால் கணவன் அல்லது மனைவியின் சம்மதம் இல்லாமல் கொடுக்க மாட்டோம். பணமோ அரிசியோ வேலையோ தருவதாகச் சொன்னால் அது எங்கள் முறைக்கே விரோதம். அப்படி எதிர்பார்த்து வந்தவர்களும் உண்டு. அவர்களிடம் இல்லை என்று சொல்லிவிட்டு நட்பாகவே இருந்தோம்.

இந்த மண்ணில் இது புதிதுமல்ல. 1853-லேயே ரிச்சர்ட் பாலன்டைன் என்பவர் சால்ட் லேக்கிலிருந்து மெட்ராஸுக்கு வந்து பிரசங்கித்திருக்கிறார். அங்கே சபையின் முதல் ஞாயிறு பள்ளியைத் தொடங்கிய மனிதர், மனைவி பிள்ளைகளை விட்டுவிட்டு வந்தவர். மெட்ராஸில் கேட்டவர்கள் மிகச் சிலரே, அடுத்த வருடமே கிளம்பிவிட்டார். நூறு வருடம் கழித்து எங்கள் கோயம்புத்தூரில் பால் திருத்துவதாஸ் என்பவர் சபையின் வெளியீடு ஒன்றைத் தற்செயலாகப் படித்துவிட்டு, தானே தலைமையகத்துக்கு எழுதித் தேடிப் போனார். 1965-ல்தான் ஞானஸ்நானம் பெற்றார். 1978 டிசம்பரில் எட்வின், எல்சி தர்மராஜு தம்பதி சமோவாவிலிருந்து சொந்த ஊரான ஹைதராபாத் வந்தபோது உறவினர்கள் 22 பேர் சேர்ந்தார்கள். அந்த ஹைதராபாத்தில் 2012 மே மாதம் இந்தியாவின் முதல் ஸ்டேக் (பல உள்ளூர்ச் சபைகள் சேர்ந்த வட்டாரம்) அமைந்தது. அன்று நாற்காலி அடுக்கிய பையன்களில் நானும் ஒருவன். முன்வரிசையில் அமர்ந்திருந்த வயதானவர்கள் பாட்டு முடியும் முன்னே அழுதுகொண்டிருந்தார்கள்.

10 மார்ச் 2019

நேற்றைய பதிவுக்குக் கீழே கறுப்பினத்தவர் விஷயத்தையும் பலதார மணத்தையும் கேட்டவருக்கு. நியாயமான கேள்விகள், நழுவ மாட்டேன்.

பலதார மணம் 1890-ல் கைவிடப்பட்டது. இன்று அப்படிச் செய்தால் சபையில் இருக்க முடியாது. மற்றது இன்னும் கடினம். 1978 ஜூன் வரை ஆப்பிரிக்க வம்சாவளி ஆண்களுக்கு ஆசாரியத்துவம், அதாவது சபைச் சடங்குகளை நடத்தும் அதிகாரம், கொடுக்கவில்லை. அந்தத் தடை இந்தியர்களுக்கு இருந்ததில்லை. ஆனால் தோல் கறுத்த எந்தத் தமிழனும் இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியாது. ஊழியத்தின் நடுவில்தான் எனக்கு இது முழுமையாகத் தெரிந்தது. யூட்டா கம்பானியனிடம் நேராகக் கேட்டேன். அவன் சப்பைக்கட்டு கட்டவில்லை. "என் தாத்தா இதைச் சரி என்று சொல்லிச் சொல்லி வளர்த்தார், எனக்கு வெட்கமாக இருக்கிறது" என்றான். 2013 டிசம்பரில் சபையே, அந்தத் தடைக்கு முன்பு சொல்லப்பட்ட காரணங்களை ஏற்கவில்லை என்று எழுத்தில் வெளியிட்டது. எனக்கு அது போதவில்லை. ஆனாலும் நான் இருக்கிறேன். சாதி பார்க்கும் சபைகளில் இருந்துகொண்டே அதை எதிர்க்கும் எத்தனையோ பேரை நாம் பார்த்திருக்கிறோமே, அப்படி.

18 ஆகஸ்ட் 2019

கம்பானியன் பற்றி எழுதியதில் ஒன்றைச் சொல்லாமல் விட்டேன். அந்த யூட்டா பையனிடம் இப்போது அனுமதி கேட்டுவிட்டேன், பெயர் இல்லாமல் எழுது என்றான்.

ராஜமுந்திரியில் கோடைக்காலம், இரவில் கரண்ட் போய்விட்டது. மொட்டை மாடியில் பாயை விரித்துப் படுத்திருந்தோம். திடீரென்று "எனக்கு இதெல்லாம் உண்மை என்று தெரியாது" என்றான். ஆறு தலைமுறையாகச் சபையில் இருக்கும் குடும்பம். அண்ணன்கள் எல்லோரும் மிஷன் முடித்தவர்கள். போகமாட்டேன் என்று சொல்ல அவனுக்கு வழியே இல்லை. உபவாச ஞாயிறுகளில் எல்லோரும் மேடையேறி "இது உண்மை என்று எனக்குத் தெரியும்" என்று சாட்சி சொல்வது எங்கள் வழக்கம். அவனும் சொல்வான். சொன்ன ஒவ்வொரு முறையும் பொய் சொன்னதாக உணர்ந்திருக்கிறான்.

நான் ஒரு பதிலும் சொல்லவில்லை, தெரியவும் இல்லை. எனக்கு மறுபக்கம்: வீட்டை எதிர்த்து வந்தவன், சந்தேகப்பட எனக்குச் சலுகையே இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவன் சொன்னதும் எனக்குள்ளும் பூட்டி வைத்திருந்த சில கேள்விகள் வெளியே வந்தன. விடியும்வரை பேசினோம். 10.30 விதி அன்று போயிற்று.

அடுத்த உபவாச ஞாயிறு அவன் எழுந்து, "நான் நம்ப விரும்புகிறேன். இந்த ஊர் மக்கள் ஜெபிப்பதைப் பார்க்கும்போது நம்ப முடிகிறது" என்று மட்டும் தெலுங்கில் சொல்லிவிட்டு அமர்ந்தான். அந்த ஹார்லிக்ஸ் அம்மா அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

இப்போது அவன் சபையில் இல்லை. நான் இருக்கிறேன். மாதம் ஒருமுறை பேசிக்கொள்கிறோம். என் திருமணத்துக்கு வந்து வேட்டி கட்டிக்கொண்டு நின்றான். இதைப் படித்து "பார், மூளைச்சலவை தோற்றது" என்று ஒரு பக்கமும், "பார், அவன் வழிதவறினான்" என்று என் சபைக்காரர்களும் எழுதத் தேவையில்லை. எனக்குத் தெரிந்த மிக நேர்மையான விசுவாச அறிக்கை அவன் அன்று சொன்னதுதான்.

29 மார்ச் 2020

ஊரடங்கு. மார்ச் 12-ஆம் தேதியே உலகம் முழுக்க எங்கள் ஆராதனைக் கூட்டங்களை நிறுத்திவிட்டார்கள். மிஷனரிகள் ஆயிரக்கணக்கில் அவரவர் நாட்டுக்குத் திருப்பி அனுப்பப்படுகிறார்கள். பிலிப்பைன்ஸிலிருந்து போனவர்களை வரவேற்க சால்ட் லேக் விமான நிலையத்தில் குடும்பங்கள் கூட்டமாகக் கூடிய படங்களைப் பார்த்திருப்பீர்கள். கோபம் வருகிறது, புரியவும் செய்கிறது. மணிலாவில்தான் எங்களுக்கும் பயிற்சி நடந்தது, அந்த வளாகம் காலியாகக் கிடக்கும் என்று நினைக்கவே முடியவில்லை.

பாதியில் திரும்பும் பிள்ளைகளைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். நேற்றுவரை ஒருவனோடு ஒட்டிக்கொண்டே இருந்தவன் இன்று பதினான்கு நாள் தனி அறையில். உங்களுக்கு அப்படி யாரையாவது தெரிந்தால் போன் செய்யுங்கள். சபை எதுவாக இருந்தாலும் பரவாயில்லை.

எங்கள் வீட்டில் இன்று நானே திருவிருந்துக்கான அப்பத்தையும் தண்ணீரையும் ஆசீர்வதித்துக் கொடுத்தேன். இப்போது வீட்டிலேயே செய்ய அனுமதி உண்டு. சி.எஸ்.ஐ. கோயிலும் மூடியிருப்பதால் அப்பா வேதாகமத்தோடு வந்து ஹாலில் உட்கார்ந்தார். அவர் சங்கீதம் வாசித்தார், நான் ஜெபித்தேன். அப்பத்தை அவர் எடுக்கவில்லை, நானும் நீட்டவில்லை.

3 மே 2020

திருப்பூர் தம்பிக்கு. தனிச்செய்தியில் கேட்டதற்கு இங்கேயே எழுதச் சொன்னாய்.

சந்தேகத்தோடு போகலாமா என்றால், போகலாம். ஆனால் அதை நேர்காணலிலேயே கிளைத் தலைவரிடம் சொல். மறைத்துக்கொண்டு போனால் இரண்டு வருடமும் அதைக் காவல் காப்பதிலேயே போய்விடும். வீட்டார் முகத்துக்காக மட்டும் என்றால் போகாதே. உன் கம்பானியனுக்கும் அது பாரம். சோறு, பருப்பு, ஒரு பொரியல் செய்யக் கற்றுக்கொள். பல்லை இப்போதே காட்டு, கடவாய்ப்பல் தொந்தரவால் தேதி தள்ளிப்போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று. அப்பாவின் பவர்லூம் கடன் பற்றி எழுதியிருந்தாய். தங்கையின் காலேஜ் பீஸ் உன் சம்பளத்தில்தான் போகிறது என்றால் முதலில் அதை முடி. ஆண்களுக்கு 25 வயதுவரை விண்ணப்பிக்கலாம், உனக்கு இன்னும் 20தான் ஆகிறது.